உப்புத் தரையிலும் புல் முளைக்கும்

(டிப்ளமோ சிவில், இரண்டாம் ஆண்டு மாணவி)

'உப்பில்லாப் பண்டம் குப்பையிலே' என்று சொல்வார்கள். சரிதான். ஆனால் உப்பு ஏறிப்போன நிலம்? அதையும் நாம் குப்பை என்றுதான் ஒதுக்கி வைத்திருக்கிறோம். 'களர்', 'தரிசு', 'ஒண்ணுக்கும் ஆகாதது' என்று பெயர் வைத்துவிட்டு நகர்ந்துவிடுகிறோம். நம் முன்னோரோ கடலும் கடல் சார்ந்த இடத்தையும் நெய்தல் என்று தனித் திணையாகவே வைத்தார்கள். அங்கே உப்பு விளைந்தது. அந்த உப்பை உமணர்கள் மாட்டு வண்டியில் ஏற்றி உள்நாட்டுக்குக் கொண்டுபோய் நெல்லுக்கு மாற்றினார்கள் என்று தமிழ்ப் பாடத்தில் படித்திருக்கிறோம். உப்பைப் பற்றிப் படித்தோம், உமணரைப் பற்றிப் படித்தோம். அந்த வண்டி மாடு என்ன தின்றது என்று யாராவது கேட்டோமா?

இந்தக் கட்டுரை அந்த மாட்டின் தீவனத்தைப் பற்றியது.

சிவில் மாணவிக்குப் புல்லோடு என்ன வேலை என்று நண்பர்கள் கேட்கலாம். என் அம்மாவின் ஊர் நாகப்பட்டினம் மாவட்டத்தில், புஷ்பவனத்துக்கும் தலைஞாயிற்றுக்கும் இடையில் ஒரு சின்னக் கிராமம். அப்பா கொத்தனார். வேலை தேடி வந்து மாடம்பாக்கத்தில் தங்கியவர். எங்கள் இரண்டு பக்கக் குடும்பத்திலும் பத்தாம் வகுப்பைத் தாண்டிய முதல் ஆள் நான்தான். அதனால் ஊரில் யாருக்கு என்ன சந்தேகம் வந்தாலும் என்னிடம் வந்துவிடும். பட்டா, கரண்ட் பில், செல்போன், எல்லாம் எனக்குத் தெரிந்திருக்க வேண்டும்! போன பொங்கலுக்குப் போயிருந்தபோது மாமா கேட்டார்: "ஏ புள்ள, மூணு மா நெலத்துல ரெண்டு மா கஜா புயலுக்கு அப்புறம் ஒழுங்காவே வெளையல. நெல்லுதான் இல்ல, மாட்டுக்காவது ஏதாச்சும் அதுல போடலாமா? இல்ல மாட்ட வித்துப்புடவா? ஒங்க காலேசுல என்ன சொல்லிக் குடுக்குறாங்க?"

எங்கள் காலேஜில் இதைச் சொல்லிக் கொடுக்கவில்லை. ஆனால் கேள்வி சும்மா கேட்டதில்லை. மாமாவிடம் இருப்பது மூன்று பசு, ஒரு ஜோடி காளை. தரகர் இரண்டு தடவை வந்து விலை பேசிவிட்டுப் போயிருக்கிறார். ஒரு தரம் விற்றால் அந்த ஜாதி மாட்டை மறுபடி வாங்க முடியாது. எனவே தேடிப் படித்ததையும், விடுமுறையில் மாட்டின் பின்னால் நடந்து பார்த்ததையும் சேர்த்து இங்கே எழுதுகிறேன்.

உப்பு எப்படிக் கொல்கிறது?

எலுமிச்சங்காயை நறுக்கி உப்புப் போட்டு ஜாடியைக் குலுக்கினால் மறுநாள் தண்ணீர் விட்டிருக்கும். அந்தத் தண்ணீர் எங்கிருந்து வந்தது? காயின் உள்ளே இருந்து உப்பு இழுத்தது. கருவாடு காய்வதும் இப்படித்தான். உவர் மண்ணில் நிற்கும் நெற்பயிரின் வேருக்கும் இதே கதிதான். வயலில் தண்ணீர் நிற்கும், பயிர் தாகத்தில் சாகும். பார்க்கிறவர்களுக்குப் புரியாது. "தண்ணிதான் நிக்குதே, ஏன் வாடுது?" என்று கேட்பார்கள்.

இது ஒரு பாதி. மறுபாதி மெதுவாக நடப்பது. சோடியமும் குளோரைடும் வேர் வழியே ஏறி இலையில் சேர்ந்து, நுனியிலிருந்து கருக ஆரம்பிக்கும்.

மண்ணில் எவ்வளவு உப்பு என்று அளக்க மின்கடத்தும் திறனைப் பார்க்கிறார்கள். அலகு டெசிசீமன்ஸ்/மீட்டர். மண்ணில் இது 4-ஐத் தாண்டினால் உவர் நிலம் என்று கணக்கு. கடல்நீர் 50-ஐ ஒட்டி வரும். நெல் 3 வரை தாங்கும், அதற்கு மேல் ஒவ்வொரு எண்ணுக்கும் விளைச்சல் சரியும். குதிரைமசால் 2-லேயே முனகும். தீவன மக்காச்சோளம் அதைவிட மோசம். சோளம் கிட்டத்தட்ட 7 வரை நிற்கும். இப்போது ஆச்சரியத்தைப் பாருங்கள்: நாம் பிள்ளையாருக்குப் போடுகிற சாதாரண அறுகம்புல்லும் அதே 7 வரை அசையாது, 15-ஐ நெருங்கும்போதுதான் விளைச்சல் பாதியாகும்!

உவர், களர் இரண்டையும் போட்டுக் குழப்பிக்கொள்ளக் கூடாது. உவர் நிலத்தில் உப்பு அதிகம், கோடையில் வெள்ளையாகப் பூக்கும். நல்ல மழையும் வடிகாலும் இருந்தால் கழுவிக்கொண்டு போய்விடும். களர் நிலத்தில் சோடியம் களிமண்ணோடு ஒட்டிக்கொண்டு, இருந்த சுண்ணாம்புச் சத்தைத் துரத்திவிடும். களிமண் துகள்கள் பிரிந்து இடுக்கெல்லாம் அடைத்துக்கொள்ளும். நனைந்தால் சேறு, காய்ந்தால் கல். தண்ணீர் கீழே இறங்கவே இறங்காது. கடல்நீர் ஏறிய களிமண் வயல் முதலில் உவராக இருந்து, வடிகால் இல்லாவிட்டால் களர் பக்கம் சாயும். இதற்கு ஜிப்சம் போடுவது ஏனென்றால், அதிலுள்ள கால்சியம் சோடியத்தைத் தள்ளிவிட்டு அந்த இடத்தில் உட்காரும். தள்ளப்பட்ட சோடியம் வெளியே போக வாய்க்கால் வேண்டும். வாய்க்கால் இல்லாமல் ஜிப்சம் போடுவது, கதவைச் சாத்திக்கொண்டு வீட்டைப் பெருக்குகிற மாதிரி.

எங்கள் பாடத்தில் இதற்கு ஒரு சொந்தக்காரன் உண்டு. செங்கல் சுவரில் அடியிலிருந்து ஒன்றரை அடிக்கு வெள்ளையாக உப்புப் பூத்து, பூச்சு உதிர்வதை மாடம்பாக்கத்தில் எத்தனை வீட்டில் பார்த்திருக்கிறோம்? நிலத்தடி ஈரம் நுண்துளை வழியே ஏறுகிறது. மேலே வந்ததும் தண்ணீர் ஆவியாகிப் போகிறது. உப்பு போக முடியாமல் அங்கேயே தங்குகிறது. அதைத் தடுக்கத்தான் டி.பி.சி. போடுகிறோம். மாமாவின் வயலில் சித்திரை, வைகாசியில் நடப்பதும் அச்சு அசல் இதே காரியம். வயலுக்கு டி.பி.சி. போட முடியாது. ஆனால் தரையை மூடி வைக்க முடியும். புல் மூடிய தரையில் வெயில் நேரே படாது, மேலே ஏறும் உப்பு குறையும். அதாவது புல் தீவனம் மட்டுமல்ல, கூரையும்கூட.

ஒரு கணக்கு போட்டுப் பார்த்தேன். போர் தண்ணீர் 2 டெசிசீமன்ஸ் என்று வைத்துக்கொள்வோம். குடித்தால் லேசாகத்தான் கரிக்கும். 1 டெசிசீமன்ஸுக்குச் சுமார் 640 மில்லிகிராம் வீதம், லிட்டருக்கு 1,280 மில்லிகிராம் உப்பு. ஒரு ஏக்கருக்கு நான்கு அங்குலம் பாய்ச்சினால் சுமார் 4 லட்சம் லிட்டர். அதில் உப்பு ஏறக்குறைய 518 கிலோ! ஐம்பது கிலோ மூட்டையில் பத்து மூட்டை. நாமே விதைக்கிறோம்.

உம்பளச்சேரி மாடு

உப்புத் தரையில் மாடு பிழைக்குமா என்பதற்கு வெளிநாட்டுக்குப் போக வேண்டாம். தலைஞாயிறு ஒன்றியத்திலேயே உம்பளச்சேரி என்ற ஊர் இருக்கிறது. அந்த ஊர்ப் பெயரில்தான் மாட்டினமும். தெற்கத்தி மாடு, மொட்டை மாடு, தஞ்சாவூர் மாடு என்றும் சொல்வார்கள். கன்று பிறக்கும்போது செம்பழுப்பாக இருக்கும், ஆறு ஏழு மாதத்தில் சாம்பல் நிறத்துக்கு மாறிவிடும். நெற்றியில் வெள்ளை நட்சத்திரம், காலில் வெள்ளை, வால் குஞ்சமும் வெள்ளை. காளைக்குக் கொம்பைத் தீய்த்து மொட்டையாக்குவது பழைய வழக்கம். முழங்கால் சேற்றில் நாள் முழுக்க உழும் என்று பெயர் வாங்கிய இனம். பால் மட்டும் கேட்காதீர்கள், இரண்டு மூன்று லிட்டருக்கு மேல் எதிர்பார்க்க முடியாது. இந்த இனத்தைக் காப்பாற்ற திருத்துறைப்பூண்டி பக்கம் கொருக்கையில் அரசு கால்நடைப் பண்ணை நடக்கிறது.

உப்பளம் என்ற சொல்தான் உம்பளம் ஆயிற்று என்று ஒரு கருத்து. அகராதியைப் பார்த்தால் உம்பளம் என்பதற்கு மானியமாக விட்ட நிலம் என்று போட்டிருக்கிறது. எது சரி என்பதைத் தமிழ் ஐயாக்கள் தீர்த்துக்கொள்ளட்டும். மாட்டைப் பொறுத்தவரை இந்த இனத்தின் திடத்துக்கு அந்த உவர் மண்ணும் அதில் முளைக்கும் உப்பு அறுகும்தான் காரணம் என்று அந்தப் பக்கத்து ஆட்கள் பரம்பரையாகச் சொல்லி வருகிறார்கள்.

உப்பு அறுகு என்பது ஒரே புல் இல்லை என்பது என் அபிப்பிராயம். பார்க்க அறுகு மாதிரித் தரையோடு ஓடுகிற, இலை கொஞ்சம் விறைப்பான புல் எல்லாவற்றுக்கும் ஊரில் அதே பெயர்தான். தாவரவியல் புத்தகத்தில் இவை ஏலூரோபஸ் லகோபாய்டஸ், ஸ்போரோபோலஸ் வெர்ஜினிகஸ் என்று தனித்தனியாக வரும். இந்தியக் கடற்கரை உவர்த்தரையில் இரண்டுமே உண்டு. கோடியக்கரை சரணாலயத்து வெளிமான்களும் இப்படிப்பட்ட உவர்ப் புல்தரையில்தான் வாழ்கின்றன.

செடிகளின் தந்திரம்

உப்பைத் தாங்கும் செடிகள் எல்லாம் ஒரே மாதிரித் தாங்குவதில்லை. இதுதான் நான் படித்ததிலேயே முக்கியமான விஷயம். ஏனென்றால் மாட்டுக்கு எது ஆகும், எது ஆகாது என்பது இதில்தான் இருக்கிறது.

சில செடிகள் வாசலிலேயே மறித்துவிடும். வேர் தண்ணீரை விடும், உப்பைப் பெருமளவு விடாது. சில செடிகள் உள்ளே விட்டுவிட்டு இலை வழியாக வெளியே துப்பும். இலையில் உப்புச் சுரப்பி என்றே ஒன்று இருக்கிறது. ஏலூரோபஸ் புல்லை வெயில் ஏறின பிறகு பார்த்தால் இலையில் பொடி உப்பு மினுங்கும், நாக்கில் வைத்தால் கரிக்கும். (நான் வைத்துப் பார்த்தேன். மாமா சிரித்தார்.) முத்துப்பேட்டை, பிச்சாவரம் அலையாத்திக் காட்டில் இருக்கும் வெண்கண்டல் மரமும் இந்தக் கட்சிதான். மூன்றாவது வகை, உப்பை உள்ளேயே பூட்டி வைப்பது. செல்லுக்குள் ஒரு அறையில் உப்பை அடைத்து, அதை நீர்க்கச் செய்ய நிறையத் தண்ணீரும் சேர்த்து, இலையைத் தடிப்பாக்கிக்கொள்ளும். உமரிச் செடி, தரையில் படரும் செசுவியம் கொடி எல்லாம் இப்படி. கடற்கரைக்காரர்கள் உமரியைக் கீரையாகச் சமைப்பார்கள். வேகவைத்து அந்தத் தண்ணீரை வடித்துக் கொட்டிவிட்டுத்தான் தாளிப்பார்கள், குழம்புக்கு உப்பே தேவைப்படாது. தூத்துக்குடி மாவட்டத்தில் உமரிக்காடு என்று ஒரு ஊரே இருக்கிறது.

இப்போது மாட்டின் பக்கம் வருவோம். மனிதன் வடித்துக் கொட்டுகிறான், மாடு என்ன செய்யும்? அப்படியே தின்ன வேண்டியதுதான். உமரி மாதிரிச் செடிகளின் உலர்பொருளில் கால் பங்கிலிருந்து மூன்றில் ஒரு பங்குவரை சாம்பல், அதில் பெரும்பகுதி உப்பு. பத்து கிலோ பச்சை உமரி என்றால் தண்ணீர் போக ஒன்றரை கிலோ உலர்பொருள். அதில் கால் பங்கு என்று வைத்தாலும் 375 கிராம் சாம்பல். கறவை மாட்டுக்குத் தாது உப்புக் கலவை நாளைக்கு 30 முதல் 50 கிராம் கொடுங்கள் என்றுதான் கால்நடை டாக்டர்கள் சொல்கிறார்கள். வித்தியாசத்தைப் பாருங்கள்! உப்பு ஏற ஏற மாடு தண்ணீர் அதிகம் குடிக்கும், வயிற்றுப்போக்கு வரலாம், தீனி எடுப்பது குறையும். போதாததற்கு இந்தத் தடித்த இலைச் செடிகளில் ஆக்சலேட் இருக்கிறது, அது சுண்ணாம்புச் சத்தைக் கட்டிப்போடும்.

அதனால் முதல் இரண்டு வகைப் புல்லை மேய்ச்சலுக்கு வைத்துக்கொண்டு, மூன்றாவது வகையைத் தொட்டுக்கொள்ள ஊறுகாய் மாதிரி வைத்துக்கொள்வதுதான் புத்திசாலித்தனம். மாட்டுக்கு இது நமக்கு முன்னாலேயே தெரியும். மாமாவின் பசுக்களை மூன்று நாள் பார்த்தேன். அவிழ்த்துவிட்டதும் வாய் வைப்பது உப்பு அறுகில். அது கட்டையாகக் கடித்து முடிந்த பிறகு வரப்பு ஓரத்தில் வேறு புல் தேடும். உமரியில் நாலு வாய் கடித்துவிட்டு நகர்ந்துவிடும். வைக்கோல் போட்ட அன்று கொஞ்சம் கூடுதலாகக் கடித்தது. வைக்கோலில் உப்பு இல்லை, நாக்கு தேடுகிறது போலிருக்கிறது. ஆடு வேறு ஜாதி. அது எதையும் விடவில்லை.

சீமைக்கருவேலைப் பற்றிச் சொல்லாமல் இருக்க முடியாது. உவர் நிலத்தில் எவரும் கேட்காமலே வருவது அதுதான். காய் இனிப்பு, புரதமும் உண்டு. ஆனால் விதை செரிக்காமல் சாணியோடு விழுந்து, மாடு போன இடமெல்லாம் முளைக்கும். காயை அரைத்துப் போட்டால் தீவனம், முழுசாகப் போட்டால் விதைப்பு. வேறு தீனி இல்லாமல் காயே கதியென்று தின்ற மாடுகளுக்குத் தாடை இழுத்துக்கொண்ட நோயும் பிற நாடுகளில் பதிவாகியிருக்கிறது. குஜராத்தில் கட்ச் பகுதியின் பன்னி புல்வெளி இதற்குப் பெரிய பாடம். ஏலூரோபஸ், ஸ்போரோபோலஸ் போன்ற உப்புப் புற்களை நம்பி எருமை வளர்த்த நாடு அது. உப்பு பரவாமல் தடுக்க என்று 1961 வாக்கில் சீமைக்கருவேலைக் கொண்டுவந்து விட்டார்கள். அது புல்வெளியையே விழுங்க ஆரம்பித்தது. அவ்வளவு நெருக்கடியிலும் அந்த மேய்ச்சல்காரர்கள் விடவில்லை. பன்னி எருமை 2010-இல் தனி இனமாக அங்கீகாரம் பெற்றது. அதே கட்ச் கடற்கரையில் நீந்திப் போய் அலையாத்தி இலை தின்னும் காராய் ஒட்டகம் 2015-இல் அங்கீகாரம் பெற்றது. நீந்துகிற ஒட்டகம்! சினிமாவில் காட்டினால் நம்ப மாட்டோம்.

ஆஸ்திரேலியாவில் உப்பு ஏறிய கோதுமை நிலத்தில் 'சால்ட்புஷ்' என்னும் அட்ரிப்ளெக்ஸ் புதரை வரிசையாக நட்டு, நடுவே புல் வளர்த்து, கோடையில் செம்மறி மேய்க்கிறார்கள். புதரை மட்டும் தின்றால் ஆடு தேறாது, வைக்கோலோ தாளோ கூட இருக்க வேண்டும் என்பது அவர்கள் அனுபவம். நம் நாட்டில் களர் நிலத்துக்கு ஹரியானா மாநிலம் கர்னாலில் 1969-இல் மத்திய ஆராய்ச்சி நிலையம் வந்தது. அங்கே நன்றாக வந்த லெப்டோக்ளோவா என்னும் புல்லுக்குக் கர்னால் புல் என்றே பெயர் ஆகிவிட்டது. தண்ணீர் தேங்கினாலும் சரி, களர் என்றாலும் சரி, நிற்கும். நாலைந்து வருடம் அந்தப் புல்லை வளர்த்தால் வேர் மண்ணைத் துளைத்துத் தண்ணீருக்கு வழி செய்து, பிறகு வேறு பயிருக்கு நிலம் கொஞ்சம் பழகும். நம் வேதாரண்யத்திலும் சுவாமிநாதன் ஆராய்ச்சி நிறுவனம் உவர்நிலத் தாவரங்களுக்கென்றே ஒரு தோட்டம் வைத்திருக்கிறது.

புல்லைவிடத் தண்ணீர்

படிக்கப் படிக்க எனக்கு ஒன்று தோன்றியது. எல்லோரும் எந்தப் புல் என்றே பேசுகிறார்கள். உப்புத் தரையில் மாட்டைக் காப்பாற்றுவது புல் மட்டுமல்ல, குடிதண்ணீர். உப்புத் தீவனம் தின்ற மாட்டுக்கு நல்ல தண்ணீர் இரண்டு மடங்கு வேண்டும். அங்கே கிணற்றுத் தண்ணீரே கரிக்கிறது. தீனியிலும் உப்பு, தொட்டியிலும் உப்பு என்றால் மாடு எங்கே போகும்?

இங்கேதான் சிவில் கைகொடுக்கிறது. கடலோர மண்ணில் மழைத் தண்ணீர் உப்புத் தண்ணீரின் மேல் மிதந்து நிற்கிறது. நல்ல தண்ணீரின் அடர்த்தி 1.000, கடல்நீர் 1.025. இந்தச் சின்ன வித்தியாசத்தால், கடல் மட்டத்துக்கு மேல் ஒரு அடி நல்ல தண்ணீர் நின்றால் கீழே நாற்பது அடி நல்ல தண்ணீர் இருக்கும் என்பது கைபன்-ஹெர்ட்ஸ்பெர்க் கணக்கு. திருப்பிப் பாருங்கள்: மேலே ஒரு அடி உறிஞ்சினால் கீழே நாற்பது அடி உப்பு ஏறி வரும்! ஆழ போர் போட்டுப் போட்டி போடுகிற ஊரில் இதுதான் நடக்கிறது. அதனால் மாட்டுக்குட்டையை ஆழ வெட்டக் கூடாது. பாதி வெட்டி, வெட்டின மண்ணால் பாதி கரை கட்டி மழைநீரைப் பிடிக்க வேண்டும்.

10 மீட்டருக்கு 10 மீட்டர், 2 மீட்டர் உயரம் தண்ணீர் என்றால் 2 லட்சம் லிட்டர். ஐந்து மாட்டுக்குத் தலைக்கு 50 லிட்டர் வீதம் நாளைக்கு 250 லிட்டர். நான்கு மாதக் கோடைக்கு 30 ஆயிரம் லிட்டர். ஆனால் வெயில் எவ்வளவு குடிக்கும் தெரியுமா? நாளைக்கு 6 மில்லிமீட்டர் என்று வைத்தால் 600 லிட்டர், நான்கு மாதத்தில் 72 ஆயிரம்! மாடு குடிப்பதைப் போல இரண்டு மடங்குக்கு மேல். குட்டையின் பரப்பைக் குறைத்து, மேலே கீற்றுப் பந்தல் போட்டாலே பாதி மாட்டை வாங்கின மாதிரி.

மாமாவின் இரண்டு மா

2018 நவம்பர் 16 விடியற்காலையில் கஜா கரை ஏறியது நாகப்பட்டினத்துக்கும் வேதாரண்யத்துக்கும் இடையில். அதற்குப் பிறகு எத்தனையோ மழைக்காலம் போய்விட்டது. மேட்டில் இருக்கும் ஒரு மா கழுவிக்கொண்டு நெல்லுக்கு வந்துவிட்டது. பள்ளத்தில் இருக்கும் இரண்டு மா வரவில்லை. லெவல் பார்க்கிற கண்ணோடு போய் நின்றபோது காரணம் தெரிந்தது. வடிகால் வாய்க்கால் தூர்ந்து வயலைவிட மேடாகக் கிடக்கிறது. கடைமடை சட்ரஸ் சரியாக மூடாததால் அலை ஏறும் நாளில் உப்புத் தண்ணீர் பின்னால் தள்ளிக்கொண்டு வருகிறது. மழை கழுவுகிறது, கடல் மறுபடி கொண்டுவந்து வைக்கிறது. பக்கத்து இறால் குட்டைகளின் கசிவும் இருக்கலாம் என்று ஊரில் பேச்சு. (கடலோர இறால் பண்ணைகள் மேல் சர்வோதயத் தலைவர் எஸ். ஜெகந்நாதன் தொடுத்த வழக்கில் 1996 டிசம்பரில் உச்ச நீதிமன்றம் தீர்ப்புச் சொன்னது. அதைப் படிக்காத நாகப்பட்டினத்துக்காரர்கள் படிக்க வேண்டும்.)

நான் சொன்னது இவ்வளவுதான். பள்ளத்தில் இருக்கிற ஒரு மாவில் நெல் ஆசையை விட்டுவிட்டு, அங்கேயே முளைத்திருக்கும் உப்பு அறுகைக் காப்பாற்றுவது. விதை தேட வேண்டாம். வேர்விட்ட துண்டுகளைப் பெயர்த்து ஐப்பசி மழையில், மேல் உப்பு கரைந்து இறங்கியிருக்கும் சமயம் பார்த்து நடுவது. பார் போட்டால் அதன் உச்சியில் நடக் கூடாது. சுவரில் பார்த்தோமே, உப்பு ஏறி உச்சியில்தான் சேரும். பக்கச் சரிவில் நட வேண்டும். முதல் வருடம் மாட்டை விடாமல் அறுத்துப் போட வேண்டும். இன்னொரு மாவில் வாய்க்காலை வெட்டித் தாழ்த்தி, மழைக்கு முன் தக்கைப்பூண்டு விதைத்துப் பார்ப்பது. அது உவரும் தாங்கும், களரும் தாங்கும், மடக்கி உழுதால் உரம். வரப்பில் அகத்தி. கம்பு நேப்பியர் போடலாமே என்று மாமா கேட்டார். கோ-4, கோ-5 எல்லாம் அருமையான புல்தான், ஆனால் அந்தப் பள்ளத்துக்கு அல்ல. அதை மேட்டு மா ஓரத்தில், வீட்டுக் கழிவுநீர் போகும் இடத்தில் நாலு வரிசை வைக்கலாம்.

மாமா உடனே தலையாட்டவில்லை. "புல்லு மொளைக்க ஒரு வருஷம், அதுவரைக்கும் எதைப் போடுறது?" என்றார். நியாயமான கேள்வி. இப்போது அறுவடை மெஷின் வந்த பிறகு வைக்கோல் கட்டுக் கட்டாக லாரியில் வெளியூர் போகிறது. சொந்த வைக்கோலை விற்றுவிட்டுத் தவிட்டுக்கு அலைவதாக இருக்கிறது. இந்தத் தை அறுவடையில் மேட்டு மா வைக்கோலை விற்காமல் போர் போட்டு வைத்திருக்கிறார்கள். காளை ஜோடியில் ஒன்று வயசாகிவிட்டது, அதைப் பற்றி இன்னும் முடிவில்லை. பசு மூன்றும் இந்த வருடம் இருக்கும் என்று அம்மாச்சி தரகரிடம் சொல்லிவிட்டார்.

நம் பக்கமும் இது தூரத்துக் கதை இல்லை. மாடம்பாக்கம் தேனுபுரீஸ்வரர் கோயில் பசு பூசித்த தலம் என்று எல்லோருக்கும் தெரியும். அந்தப் பசுவின் வம்சம் இன்று கேம்ப் ரோட்டில் பாலித்தீன் பையோடு சேர்த்துச் சோறு தின்கிறது. சென்னைக்குள் மந்தைவெளி என்று பெயரில் மட்டும் மந்தை இருக்கிறது. நம் ஏரிகளின் தண்ணீரும் போய்ச் சேரும் பள்ளிக்கரணை சதுப்பு, ஒக்கியம் மடுவு வழியாகப் பக்கிங்காம் கால்வாயில் கலந்து கோவளம் கழிமுகத்தில் கடலைத் தொடுகிறது. முட்டுக்காடு பக்கம் பஸ்ஸில் போகும்போது பாருங்கள், உப்புத் தண்ணீர் ஓரத்தில் எருமைகள் தலை குனிந்து எதையோ மேய்ந்துகொண்டிருக்கும். இறங்கிப் போய் அது என்ன புல் என்று பாருங்கள்.

சொந்த ஊரில் இப்படி நிலம் வைத்திருக்கும் நண்பர்களுக்கு ஒரு வேலை. மண் மாதிரி எடுக்கும்போது வரப்பு ஓரம், எருக்குழி, மரத்தடி மூன்றையும் விட்டுவிடுங்கள். அரை அடி ஆழத்துக்கு 'வி' வடிவில் வெட்டி, பத்துப் பதினைந்து இடத்தில் எடுத்துக் கலந்து, நான்காகப் பிரித்து எதிரெதிர்ப் பங்கைத் தள்ளித் தள்ளி அரைக் கிலோவாக்கி, நிழலில் உலர்த்தித் துணிப்பையில் போடுங்கள். உப்பு நிலமென்றால் அரை அடிக்குக் கீழே இன்னொரு மாதிரியும் தனியாக வேண்டும். சிக்கலில் வேளாண் அறிவியல் நிலையம் இருக்கிறது, மற்ற மாவட்டங்களில் மண் பரிசோதனை நிலையங்கள் இருக்கின்றன. தீவனப் புல் கரணைக்கு நம் பக்கத்திலேயே காட்டுப்பாக்கம் கால்நடை ஆராய்ச்சி நிலையத்தில் விசாரிக்கலாம். வைகாசியில் எடுத்த மண்ணும் மார்கழியில் எடுத்த மண்ணும் ஒரே எண்ணைக் காட்டாது. இரண்டு தடவையும் எடுத்து, பையின் மேல் மாதம், ஆழம், வயல் பெயர் மூன்றையும் பென்சிலால் எழுதிவிடுங்கள். பேனா வேண்டாம், ஈரத்தில் அழிந்துவிடும்.